சாங்ஷன் வந்த வழி

வீட்டுக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தவர் ‘சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று சொல்லிவிட்டால், அடுத்த பேச்சு வாஸ்து பூஜைக்கு நாள் பார்ப்பதைப் பற்றித்தான். ஈரான் மீது அமெரிக்கா விதித்த சாங்ஷனோ வேறு மாதிரி. அதனால்தான் 2019 மே மாதத்தோடு இந்தியா அந்த நாட்டிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. முதல் சாங்ஷன் கதவைத் திறக்கிறது, இரண்டாவது கதவைச் சாத்துகிறது. எழுத்தும் உச்சரிப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒன்றுக்கொன்று எதிரான இரு பொருளைச் சுமக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் பல உண்டு. ‘கிளீவ்’ என்றால் பிளப்பது, ஒட்டிக்கொள்வதும் அதுவே. பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டு தனிச் சொற்கள். காலப்போக்கில் தேய்ந்து ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ‘டேபிள்’ கடல் தாண்டியதில் பிரிந்தது. பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்தால் விவாதத்துக்கு எடுக்கிறார்கள். அமெரிக்காவில் அதே சொல்லுக்குத் தள்ளிப்போடுவது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டுத் தளபதிகளும் நெடுநேரம் வாதாடியதை சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

சாங்ஷனின் கதையில் இப்படிப்பட்ட தற்செயல் எதுவும் இல்லை. ஒரே வேரில் பிறந்த ஒரே சொல் அது. பிறக்கும்போதே அனுமதியும் தண்டனையும் அதற்குள் சேர்ந்திருந்தன. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது: ஒரு விதி நிற்க வேண்டுமானால் அந்த இரண்டும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது தனியே நின்ற இடங்களில் விதி வெறும் காகிதமாகப் போனது. அதற்கான விலையை ஒரு முறை சென்னையும் கொடுத்திருக்கிறது.

ரோமின் மதில்

இலத்தீனில் ‘சங்கிரே’ என்றொரு வினைச்சொல். புனிதமாக்கு, மீற முடியாதபடி உறுதிசெய் என்பது பொருள். ஆங்கிலத்தின் ‘செயின்ட்’, ‘சாங்சுவரி’ எல்லாம் இதே குடும்பம்தான். இந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘சங்க்தியோ’.

ரோமானியச் சட்ட அறிஞர்கள் நகரத்தின் மதிலையும் வாயில்களையும் தனி வகையில் வைத்திருந்தார்கள். கோயில் தெய்வங்களுக்கு உரியது, கல்லறை இறந்தோருக்கு உரியது. மதில் இரண்டிலும் சேராது. ஆனாலும் அது எந்த மனிதனுக்கும் சொந்தமில்லை, யாரும் அதில் கைவைக்கக் கூடாது. அந்த வகைக்கு ‘சங்க்தா’ என்று பெயர் கொடுத்தார்கள். மதிலைச் சேதப்படுத்தியவனுக்கும் ஏறித் தாண்டியவனுக்கும் மரண தண்டனை. பேரரசர் ஜஸ்டினியன் 533ஆம் ஆண்டு சட்ட மாணவர்களுக்காக வெளியிட்ட ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ என்ற பாடநூல் இதைச் சொல்லிவிட்டு, உடனே இன்னொன்றையும் சொல்கிறது: சட்டத்தை மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பகுதியைச் ‘சங்க்தியோ’ என்று அழைப்பதும் இதனால்தான். மதில் புனிதமானதும் அதற்குப் பின்னால் இருந்த தண்டனையும் ஒரே பத்தியில், ஒரே சொல்லில் வருகின்றன. ரோமை நிறுவிய ரோமுலஸின் உடன்பிறந்தான் ரீமஸ், மதிலைத் தாண்ட முயன்றதற்காகவே கொல்லப்பட்டான் என்ற பழங்கதையைப் பொம்போனியஸ் என்ற சட்ட அறிஞர் இந்த விதிக்கு ஆதாரமாகவே எடுத்துக்காட்டுகிறார்.

மார்சியன் என்ற இன்னொருவர் சொல்லும் விளக்கம் எனக்கு இன்னும் பிடித்தது. ரோமின் தூதர்கள் பகை நாட்டுக்குப் போகும்போது ‘சாக்மினா’ என்ற மூலிகைக் கொத்தை ஏந்திப் போவார்கள். அதைக் கையில் வைத்திருப்பவரை யாரும் தொடக் கூடாது. ‘சங்க்தா’ என்ற சொல் அந்தக் கொத்திலிருந்துதான் வந்தது என்கிறார் அவர். தூதருக்கு அந்தச் செடி வழிவிடுகிறது, அதையே பார்க்கும் எதிரிக்கு அது எச்சரிக்கை.

தண்டனைப் பகுதி இல்லாத சட்டங்களும் ரோமில் இருந்தன. கி.மு. 204ஆம் ஆண்டின் சின்சியஸ் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அன்பளிப்பு தருவதைத் தடுத்தது. மீறினால் என்ன என்பதை அது சொல்லவில்லை. கொடுத்த அன்பளிப்பைச் செல்லாததாக்கவும் இல்லை. இப்படிப்பட்டவற்றை ரோமானியர்கள் ‘குறைபட்ட சட்டம்’ என்றே வகைப்படுத்தினார்கள். சங்க்தியோ இல்லாதது முழுச் சட்டம் ஆகாது என்பது அவர்களுடைய எண்ணம்.

சங்க்தியோவின் நெருங்கிய உறவுச் சொல் ‘சாக்கெர்’. அதற்குத் தெய்வத்துக்கு உரியது என்றும் பொருள், சபிக்கப்பட்டது என்றும் பொருள். தன்னை நம்பி வந்தவனை ஏமாற்றிய எசமான் ‘சாக்கெர்’ ஆகட்டும் என்று ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டம் விதித்தது. அப்படி ஆனவனை யாரும் கொல்லலாம், அது கொலைக் குற்றம் ஆகாது. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நம் ‘அணங்கு’ம் அப்படித்தான்: தெய்வமும் அதுவே, அந்தத் தெய்வம் தரும் வருத்தமும் அதுவே. வணங்கத்தக்கதும் அஞ்சத்தக்கதும் ஒரே சக்தி என்று பழைய சமூகங்கள் கண்டிருக்கின்றன.

வியன்னாவின் காகிதம், கோவளத்தின் கடற்கரை

ரோமப் பேரரசு மறைந்த பின்னும் சொல் பிழைத்துக்கொண்டது. திருச்சபையும் மன்னர்களும் தங்கள் பெரிய ஆணைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவற்றில் அதிகம் பேசப்பட்டது, ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1713 ஏப்ரல் 19 அன்று வெளியிட்ட ‘பிரக்மாட்டிக் சாங்ஷன்’. ஹாப்ஸ்பர்க் நாடுகளைப் பிரிக்கக் கூடாது, ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளுக்கே எல்லாம் சேரும் என்பது அதன் சாரம். நான்கு ஆண்டு கழித்து மரியா தெரேசா பிறந்தாள். மகன் தங்கவில்லை. மிச்சமிருந்த காலம் முழுவதும் சார்லஸ் ஐரோப்பாவின் ஒவ்வொரு அரசவையிலும் இந்த ஆணைக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தார்.

பிரிட்டன் தன் ஒப்புதலுக்கு ஒரு விலை கேட்டது. சார்லஸின் ஆதரவில் நடந்துவந்த ஆஸ்டெண்ட் கம்பெனி, கீழை வாணிபத்தில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போட்டியாக வளர்ந்திருந்தது. சோழமண்டலக் கரையில் அதன் வணிகத்தலம் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம். இன்று அலைச்சறுக்குக்கு இளைஞர்கள் கூடும் அந்தக் கடற்கரைக்கு அன்று ஆஸ்டெண்டின் கப்பல்கள் வந்துபோயின. கம்பெனியை மூடினால் ஆணையை ஏற்கிறோம் என்றது லண்டன். 1731ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் அப்படியே முடிந்தது. மகளின் வாரிசுரிமைக்கு ஒரு கையெழுத்து வாங்க, தகப்பன் கோவளத்தின் வாணிபத்தைக் கொடுத்தார்.

கையெழுத்துகள் சேர்ந்தன. மீறினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பதில் இல்லை. சார்லஸ் 1740 அக்டோபரில் இறந்தார். டிசம்பரில் பிரஷ்யாவின் இளம் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் படையோடு சைலீசியாவுக்குள் நுழைந்துவிட்டார். அவருடைய தந்தை அந்தச் சாங்ஷனை ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர். தொடர்ந்து எட்டு ஆண்டு ஐரோப்பா போரில் கிடந்தது. பிரான்சும் பிரிட்டனும் எதிரெதிர் அணிகளில் நின்றன.

அந்தப் போர் நம் கரைக்கும் வந்தது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் சென்னையைத் தாக்கின. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கொடி மாறியது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி, கடலூர் அருகே இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். கோட்டையை மீட்க ஆற்காட்டு நவாப் அனுப்பிய பெரும்படையை, அக்டோபரில் அடையாற்றங்கரையில் ஒரு சிறிய பிரெஞ்சுப் படை முறியடித்தது. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறு படை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இந்தியா கண்ணால் பார்த்த நாள் அது. பின்னால் வந்த நூற்றைம்பது ஆண்டு அரசியலுக்கு அங்கே ஒரு தொடக்கம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை இவற்றையெல்லாம் தம் நாட்குறிப்பில் தமிழில் எழுதிவைத்தார். 1748இல் சமாதானம் ஏற்பட்டு, மறு ஆண்டு சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது.

ஒப்புதல் மட்டும் இருந்து தண்டனை இல்லாத சாங்ஷன் எங்கெல்லாம் வெடிக்கும் என்பதற்கு, வியன்னாவில் எழுதிய ஒரு காகிதத்துக்காக அடையாற்றில் விழுந்த பிணங்களே சாட்சி.

லண்டனில் பாதை பிரிகிறது

சொல் ஆங்கிலத்துக்கு வந்தது 15ஆம் நூற்றாண்டில். முதலில் அது சட்டத்தை, அதிலும் குறிப்பாகத் திருச்சபையின் ஆணையைக் குறித்தது. அடுத்த நூற்றாண்டுகளில் இரு கிளை விட்டது. சட்டம் படித்தவர்கள் தண்டனைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765இல் வெளியிடத் தொடங்கிய ‘கமென்ட்டரீஸ்’ நூலில் ஒரு சட்டத்தின் பகுதிகளை அடுக்குகிறார்: எது சரி எது தவறு என்று அறிவிப்பது, இப்படி நட என்று பணிப்பது, இழந்ததை மீட்கும் வழியைச் சொல்வது, கடைசியாக மீறினவனுக்கு நேர்வதைச் சொல்வது. அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் சாங்ஷன் என்று பெயர்.

பொதுப் பேச்சில் சொல் வேறு பக்கம் சாய்ந்தது. மன்னரின் சாங்ஷன், வழக்கத்தின் சாங்ஷன் என்றால் பெரியவர்களின் இசைவு, ஊரின் ஒப்புதல். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் அது வினைச்சொல்லாகி, ஒன்றை அனுமதிப்பதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

இரண்டையும் ஒன்றாகவே பார்த்த கடைசிப் பெரிய சிந்தனையாளர் ஜெரமி பெந்தம். மனிதரை ஒரு வழியில் நடக்க வைக்கும் சக்திகளுக்கு 1789இல் அவர் வைத்த பெயர் சாங்ஷன். இயற்கை, அரசு, ஊரார் அபிப்பிராயம், சமயம் என்று அவை நான்கு. ஒவ்வொன்றும் இன்பத்தைக் காட்டியும் நடத்தும், துன்பத்தைக் காட்டியும் நடத்தும். பெந்தம் வழிவந்த ஜான் ஆஸ்டின் 1832இல் இதை வெட்டிவிட்டார். பரிசு கொடுத்துச் செய்யவைப்பது கட்டளை ஆகாது, துன்பம் வரும் என்ற அச்சம் மட்டுமே சாங்ஷன் என்றார். சட்டக் கல்லூரிகளில் ஆஸ்டின் வென்றார். அலுவலகங்களில் அனுமதி என்ற பொருள் வென்றது. இன்று நாம் படும் குழப்பம் அந்தப் பாகப்பிரிவினையில் வந்தது.

ஜெனீவாவில் பன்மை

முதல் உலகப் போருக்குப் பின் சொல்லுக்குப் புதிய வேலை கிடைத்தது. கொடுத்த உறுதியை மீறிப் போரில் இறங்கும் நாட்டோடு மற்ற நாடுகள் வாணிபத்தையும் பணப் பரிமாற்றத்தையும் அறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெனீவாவில் அமைந்த சர்வதேச சங்கத்தின் சாசனம் 16ஆவது பிரிவில் விதித்தது. அந்தப் பிரிவில் சாங்ஷன் என்ற சொல் கிடையாது. பின்னால் வந்த ஐ.நா. சாசனத்தின் 41ஆவது பிரிவிலும் கிடையாது. இருந்தும் உலகம் அவற்றை அந்தப் பெயரால்தான் அழைத்தது, அதுவும் பன்மையில். ஒருமையில் அனுமதி, பன்மையில் தண்டனை என்ற வழக்கு அப்போது வேரூன்றியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வினைச்சொல்லும் தண்டனைப் பொருளை ஏற்றபின் அந்த அடையாளமும் போய்விட்டது.

முதல் பெரிய சோதனை இத்தாலி. 1935 அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. நவம்பர் 18 முதல் தடைகள் அமலுக்கு வந்தன. இத்தாலியிடம் வாங்குவது நின்றது, அதற்குக் கடன் கொடுப்பது நின்றது. டாங்கிக்கும் விமானத்துக்கும் வேண்டிய எண்ணெய் மட்டும் பட்டியலில் இல்லை. படைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குச் சூயஸ் கால்வாய் திறந்தே இருந்தது.

முசோலினி அந்தத் தடையையே தன் பிரசாரமாக்கிக்கொண்டார். டிசம்பர் 18 அன்று ரோமில் தேசிய நினைவு மண்டபத்தின் முன்னே பெண்கள் வரிசையில் வந்து, கல்யாண மோதிரத்தைக் கழற்றி நாட்டுக்குக் கொடுத்தார்கள். அரசி எலெனாவும் தன் மோதிரத்தைக் கொடுத்தார். பதிலுக்கு அவர்களுக்கு எஃகு மோதிரம் கிடைத்தது. ஊர் ஊராக நகராட்சிக் கட்டடங்களில் ‘முற்றுகை’யை நினைவூட்டும் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. தண்டிக்கப் புறப்பட்ட நடவடிக்கை, தண்டனைக்கு ஆளானவர் பின்னால் மக்களைத் திரட்டிக் கொடுத்தது. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூன் 30 அன்று நாடிழந்த பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனீவா மன்றத்தில் நின்று நியாயம் கேட்டார். ஜூலையில் தடைகள் விலக்கப்பட்டன. எண்ணெயை விட்டுவிட்டு விதித்த தடை, கொள்ளைக்குத் தந்த அனுமதியாகவே முடிந்தது. இதை எழுதும்போதும் மனம் கொதிக்கிறது.

மனசாட்சியோடு தொடுத்த தடைகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரின் நில உரிமையைச் சுருக்கும் சட்டம் 1946இல் வந்ததும், இந்தியா அந்நாட்டோடு வாணிபத்தை முறித்துக்கொண்டது. முதலில் அப்படிச் செய்த நாடு இந்தியாதான். அந்தச் சட்டம் பாதித்தவர்களில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏராளம். அரை நூற்றாண்டு கழித்து இந்தியாவே தடைக்கு ஆளானது. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா பொருளாதாரத் தடைகளை விதித்தது. உலக வங்கியில் இந்தியாவுக்கான பல கடன்களின் பரிசீலனை தள்ளிவைக்கப்பட்டது. சாங்ஷன் வந்ததால் கடன் சாங்ஷன் ஆகவில்லை. இரு பொருளும் அன்று ஒரே வாக்கியத்தில் நேருக்கு நேர் நின்றன. அந்தத் தடைகளில் பெரும்பாலானவை நீங்க 2001 செப்டம்பர் வரை ஆனது.

நம் கோப்புகளில்

இந்திய அலுவலகங்களில் இந்தச் சொல் அனுமதியின் முகத்தோடு மட்டும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். ஒரு பாலம் கட்ட முதலில் நிர்வாக அனுமதி, பிறகு தொழில்நுட்ப அனுமதி. இரண்டுமே ஆங்கிலக் கோப்பில் சாங்ஷன்தான். அரசுத் துறையில் எத்தனை பணியிடம் என்பதும் சாங்ஷன் கணக்குதான். வீட்டு மின் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவும் ‘சாங்ஷன்டு லோடு’. அதைத் தாண்டிப் பயன்படுத்தியது தெரிந்தால் கூடுதல் கட்டணம் வரும். மின்வாரியத்தின் அந்த ஒற்றை எண்ணுக்குள் ரோமின் மதில் அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றிலும் கனமானது வழக்குத் தொடர்வதற்கான சாங்ஷன். கடமையைச் செய்யும்போது குற்றம் புரிந்ததாகச் சொல்லப்படும் அரசு ஊழியர் மீது, அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்கக் கூடாது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆவது பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எண்ணில் தொடர்ந்தது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 19ஆவது பிரிவு இதையே செய்கிறது. நேர்மையான அதிகாரியைப் பொய் வழக்கிலிருந்து காப்பது இதன் நோக்கம். அந்த நோக்கம் நியாயமானது. ஆனால் பாருங்கள், இங்கே தண்டனையின் வாசலிலேயே அனுமதி காவல் நிற்கிறது. சாங்ஷன் கிடைத்தால்தான் சாங்ஷன். லஞ்சம் கேட்டவரைக் கையும் களவுமாகப் பிடித்த வழக்கும் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்க முடியும்.

இந்தத் தாமதத்துக்கு வரம்பு போட நீண்ட காலம் ஆனது. 1997இல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கும் கெடுவைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க உத்தரவிட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த மூன்று மாதத்தை ஊழல் தடுப்புச் சட்டத்திலேயே எழுதியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால், அனுமதி கொடுத்துவிட்டதாகவே கொள்ளப்படும். கோப்பின் மீது உட்கார்ந்திருப்பதே ஒரு மறுப்பு என்ற நிலைமைக்கு, சட்டத்தில் கிடைத்த பதில் இது.

இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது, சாங்ஷனின் இரு பொருளையும் மொழியின் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அனுமதிக்கும் கையும் தண்டிக்கும் கையும் ஒரே அதிகாரத்தின் கைகள். அந்த உண்மையை இந்தச் சொல் இரண்டாயிரம் ஆண்டாக மறைக்காமல் சொல்லிவருகிறது. தண்டிக்க வழியில்லாத ஒப்புதல் சார்லஸின் காகிதமாயிற்று. மனமில்லாமல் விதித்த தண்டனை ஜெனீவாவின் வெட்கமாயிற்று. கெடு இல்லாத முன் அனுமதி, குற்றவாளிக்குக் கிடைத்த கேடயமாயிற்று.

ஆகவே இந்தச் சொல்லைக் கோப்பில் கண்டாலும் செய்தியில் கண்டாலும், அனுமதியா தடையா என்று பிரித்தறிவதோடு நின்றுவிடக் கூடாது. கொடுப்பவர் யார், மீறினால் என்ன நேரும், எத்தனை நாளைக்குள் நேரும் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது சாங்ஷன். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், ரோமானியர்கள் வைத்த பெயர்தான் அதற்குப் பொருந்தும்: குறைபட்ட சட்டம்.